நிறுத்திவைத்த காரின் பேட்டரியைத் தின்பது எது?

நேற்று இரவு வரை நன்றாக ஓடிய கார். இன்று காலையோ, இரண்டு நாள் கழித்தோ சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைகின்றன. பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டதும் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. 'பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க' என்று சொல்லக் கேட்டு மாற்றுகிறோம். மூன்று வாரம் கழித்துப் புது பேட்டரியும் அதே மாதிரி படுத்துக்கொள்கிறது.

இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டு இரண்டு, மூன்று பேட்டரி வாங்கியவர்கள் நிறைய. புது பேட்டரி எதையும் சரிசெய்யவில்லை. புதிது என்பதால் கூடக் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது, அவ்வளவுதான். அதோடு அதுவும் கெட ஆரம்பித்திருக்கும். கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடிகளுக்குப் பெரிய கரண்ட் கொடுத்துவிட்டு உடனே நிரப்பிக்கொள்வதற்காகவே அப்படிச் செய்யப்பட்டவை. அடிவரை இறங்கி அப்படியே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். பிறகு என்ன சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஆகவே பேட்டரி ஏன் இறங்குகிறது என்று அளந்து பார்க்காமல் புதிது வாங்காதீர்கள்.

பேட்டரி இறங்க மூன்று வழிதான் உண்டு. சார்ஜைப் பிடித்து வைக்க முடியாமல் உள்ளுக்குள்ளேயே வடியலாம். ஓடும்போது சரியாக நிரம்பாமல் தினமும் அரைகுறையாக நிறுத்தப்படலாம். இல்லையென்றால் வண்டி நின்ற பிறகும் ஏதோ ஒன்று கரண்ட்டை இழுத்துக்கொண்டே இருக்கலாம். எல்லோருக்கும் முதல் சந்தேகம் மூன்றாவது மேல்தான். ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் இரண்டையும் சரிபார்க்க ஒரு மல்டிமீட்டரும் ஒரு நாளும் போதும். அதை முடித்துவிட்டு மூன்றாவதற்கு வருவதுதான் நல்லது, ஏனென்றால் மூன்றாவது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

முதலில் பேட்டரியை சார்ஜரில் போட்டு முழுசாக நிரப்புங்கள். 45 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஒட்ட இறங்கியிருந்தால், 4 அல்லது 5 ஆம்பியர் சார்ஜருக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், தீப்பொறி எதுவும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். சார்ஜர் எடுத்தவுடன் மீட்டர் வைத்தால் 13 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். அது தகடுகளின் மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ், அதை நம்பக் கூடாது. ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு அளந்தால் உண்மை தெரியும். நிரம்பிய சாதாரண ஈய-அமில பேட்டரி 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. பார்க்க அரை வோல்ட் வித்தியாசம்தானே என்று தோன்றும், அந்த அரை வோல்ட்டுக்குள் பேட்டரியின் பெரும்பகுதி இருக்கிறது.

இப்போது நெகடிவ் கேபிளைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு, வோல்ட்டைக் குறித்துக்கொண்டு, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். எப்போதும் நெகடிவ்தான் முதலில் கழல வேண்டும். பாசிட்டிவ் நட்டைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் நேரடி ஷார்ட், ஸ்பேனரே பழுத்துவிடும். மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். மறுநாள் பார்க்கும்போது ஏறக்குறைய அதே வோல்ட் நின்றால் பேட்டரி சார்ஜைப் பிடிக்கிறது. எதுவுமே இணைக்காமல் 12.3-க்குக் கீழே வந்திருந்தால் குற்றவாளி பேட்டரியேதான், மேலே தேட வேண்டியதில்லை. முழு சார்ஜ் போட்டும் 10.5 அருகிலேயே நிற்கிறதா? ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது, ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட் கணக்கு.

பேட்டரியின் தலையையும் பாருங்கள். அமிலப் பிசுபிசுப்பும் தூசியும் ஈரமும் சேர்ந்தால் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே மெல்லிய கரண்ட் பாதை உருவாகும். மீட்டரின் கறுப்பு முனையை நெகடிவ் டெர்மினலில் வைத்து, சிவப்பு முனையால் பிளாஸ்டிக் மூடியின் மேல் அங்கங்கே தொட்டுப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த அழுக்கு கடத்துகிறது என்று அர்த்தம். ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து துணியால் துடைத்தால் போதும். செல் மூடிகளுக்குள் அந்தக் கரைசல் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது.

அடுத்து, ஓடும்போது நிரம்புகிறதா என்று பார்க்க வேண்டும். நெகடிவ் கேபிளை மறுபடி மாட்டி, மீட்டரை பேட்டரி டெர்மினலிலேயே வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அந்த நொடியில் வோல்ட் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், இல்லையென்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.7 வரை நிற்க வேண்டும். ஹெட்லைட், ஏசி புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துப் பிடிக்கும்போதும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருள் மிச்சம் பிடிக்க கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரை (என்ஜின் ஓடும்போது மின்சாரம் செய்து பேட்டரியை நிரப்பும் கருவி) குறைத்து வைக்கும். அப்போது 12.8 அளவில் காட்டலாம். எல்லா லோடும் போட்டதும் ஏறுகிறதா என்பதைத்தான் அங்கே பார்க்க வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் பேட்டரி நிரம்பிவிடும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். செல்ஃப் அடிப்பதற்கு ஆகும் செலவு உண்மையில் மிகக் குறைவு. 200 ஆம்பியர் இரண்டு நொடி இழுத்தாலும் 0.11 ஆம்பியர்-மணிதான். அதைப் பத்து நிமிடத்தில் மீட்டுவிடலாம். அந்த வாரம் முழுக்க நின்றபடி இழந்த 5 அல்லது 6 ஆம்பியர்-மணி மட்டும் மீளாது. ஈய-அமில பேட்டரி நிரம்ப நிரம்பக் கரண்ட்டை மெதுவாகத்தான் ஏற்றுக்கொள்ளும், அவசரப்படுத்த முடியாது.

இனி மூன்றாவது. பூட்டி நிறுத்திய காரும் முழுசாக அணைவதில்லை. கடிகாரம், அலாரம், சாவியில்லாத பூட்டின் ரிசீவர், ரேடியோவின் நினைவு, பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் (காரின் சிறு கம்ப்யூட்டர்கள்) எல்லாம் துளித்துளியாகக் கரண்ட் எடுத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான கார்களில் இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, முப்பது நாளில் ஏறக்குறைய 22. அதாவது 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி. எந்தக் கோளாறும் இல்லாத கார் ஒரு மாதம் நின்றால் ஸ்டார்ட் ஆகத் திணறுவது இயல்புதான். வெயில் காலத்தில் பேட்டரியின் சொந்தக் கசிவும் கூடுவதால் இன்னும் சீக்கிரமே நடக்கும். அப்படி நிறுத்துகிறவர்கள் கோளாறு தேட வேண்டாம். நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும் சிறிய சார்ஜர் ஒன்றை மாட்டி வைக்கலாம், இல்லையென்றால் நெகடிவைக் கழற்றிவிட்டுப் போகலாம்.

இரண்டே நாளில் படுக்கிறது என்றால் கதை வேறு. 0.4 ஆம்பியர் கசிந்தால் நாளொன்றுக்கு 9.6 ஆம்பியர்-மணி போகும், இரண்டரை நாளுக்குள் பாதி காலி. 0.4 ஆம்பியர் என்பது 5 வாட் பல்பு ஒன்று எரிவதற்குச் சமம். எத்தனை நாளில் படுக்கிறது என்பதை வைத்தே எவ்வளவு கசிகிறது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம்: கொள்ளளவில் பாதியை மணி நேரத்தால் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். மீட்டரில் தேடும்போது எந்த அளவு எண்ணைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்திருப்பது பெரிய உதவி.

அளப்பதற்கு முன் காரைத் தயார் செய்ய வேண்டும். இதில் அவசரப்பட்டால் பிறகு வரும் எண்கள் எல்லாம் பொய். போனட்டைத் திறந்து, அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி 'மூடியது' நிலைக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே ஃப்யூஸ் பெட்டி இருக்கும் பக்கத்துக் கதவைத் திறந்தே வைத்து, அதன் பூட்டையும் அதேபோல ஸ்க்ரூடிரைவரால் மடக்கிவிடுங்கள். கார் எல்லாம் மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அந்தப் பூட்டை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். மறந்து அடித்துச் சாத்தினால் பூட்டும் கொக்கியும் மோதிக் கெட்டுவிடும். பிறகு ரிமோட்டில் வண்டியைப் பூட்டி, சாவியைப் பத்து மீட்டராவது தள்ளி வையுங்கள். சட்டைப் பையில் சாவியோடு போனட் அருகே நின்றால் சில கார்கள் சாவியின் வாசனை பிடித்த மாதிரி விழித்துக்கொண்டே இருக்கும்.

மல்டிமீட்டரில் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, டிசி (நேர்திசை கரண்ட்) ஆம்பியரில் வையுங்கள். மில்லி ஆம்பியர் துளையில் ஆரம்பித்தால் மீட்டரின் உள் ஃப்யூஸ் போவது நிச்சயம். நெகடிவ் கிளாம்ப்பின் நட்டைத் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். மீட்டரின் ஒரு முனையை முதலைக் கிளிப்பால் பேட்டரியின் நெகடிவ் கம்பத்தில் பிடியுங்கள், மறுமுனையைக் கேபிள் கிளாம்ப்பில். இரண்டும் இறுகிய பிறகு கிளாம்ப்பை மெதுவாக மேலே உருவுங்கள். இப்படிச் செய்தால் கரண்ட் ஒரு கணமும் அறுபடாது, தூங்கிய பெட்டிகள் விழிக்காது. இந்த நிலையில் யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. செல்ஃப் அடித்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மீட்டர் வழியாகப் பாய்ந்துவிடும்.

இனி காத்திருங்கள். இந்தச் சோதனையில் பெரும்பகுதி காத்திருப்புதான். பூட்டியவுடன் 4 ஆம்பியர் வரைகூடக் காட்டலாம். விளக்குகள் அணைந்ததும் ஒன்றுக்கு வரும். சில நிமிடம் 0.6, 0.5 என்று நின்றுவிட்டு திடீரென்று 0.2. ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் தூங்கப் போகும்போது எண் படியிறங்குவது கண்ணுக்கே தெரியும். எல்லாம் அடங்கியதும் 0.03-இல் நின்று, அலாரத்தின் சிவப்பு விளக்கு மின்னும்போது மட்டும் 0.04 ஆகித் திரும்பும். சில கார்கள் பத்து நிமிடத்தில் தூங்கும், சிலவற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஐந்தாவது நிமிடத்தில் 0.5-ஐப் பார்த்து 'லீக்கேஜ் இருக்கு' என்று முடிவு கட்டி, ஒழுங்காக இருக்கும் பாகத்தை மாற்றிவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. ஒரு மணி நேரம் கழித்தும் எண் 0.1-க்கு மேல் நின்றால்தான் கசிவு உறுதி.

டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் எதையும் கழற்ற வேண்டாம், கேபிளைச் சுற்றி மாட்டினால் போதும். 10 மில்லி ஆம்பியரையாவது பிரித்துக் காட்டும் மீட்டராக இருக்க வேண்டும், மாட்டுவதற்கு முன் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஏசி (மாறுதிசை கரண்ட்) மட்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இங்கே உதவாது.

கசிவு உறுதியானதும் எந்த ஃப்யூஸ் வழியாகப் போகிறது என்று தேட வேண்டும். ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழி. பழைய கார்களில் பலிக்கும். இன்றைய காரில் ஒரு ஃப்யூஸைப் பிடுங்கித் திரும்பப் போட்டால் அதன் பெட்டி விழித்து மற்ற பெட்டிகளையும் எழுப்பிவிடும், மீண்டும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இன்னொரு சங்கடம், விடாமல் விழித்திருந்த பெட்டி பிடுங்கிச் செருகிய அதிர்ச்சியில் ஒழுங்காகிவிடும். கோளாறு மறைந்துபோகும், காரணம் தெரியாமலே போகும். எதையும் பிடுங்காமல் மில்லி வோல்ட் பார்ப்பதுதான் சரியான வழி.

ஃப்யூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். ஃப்யூஸ் கம்பிக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு என்பதால், கரண்ட் ஓடினால் அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே மிகச் சிறிய வோல்ட் விழும். இதற்குப் பேட்டரி கேபிள் வழக்கம்போல மாட்டியே இருக்கலாம். மீட்டர் வயரைத் தொடரிலிருந்து (கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவிலிருந்து) எடுப்பதானால், கிளாம்ப்பை முதலில் கம்பத்தில் இறக்கிவிட்டுப் பிறகு கிளிப்பைக் கழற்றுங்கள். சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு ஃப்யூஸைத் தொட்டால், மீட்டரே ஃப்யூஸின் இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக் கம்பி ஆகிவிடும். டிசி மில்லி வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு ஃப்யூஸாகத் தொட்டுக்கொண்டே போங்கள். 0.0 என்றால் அதில் கரண்ட் இல்லை. 10 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸில் 1 மில்லி வோல்ட் காட்டினால் சுமார் 130 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, 15 ஆம்பியர் ஃப்யூஸில் அதே 1 மில்லி வோல்ட் என்றால் சுமார் 200. ஃப்யூஸ் பெரிதாகப் பெரிதாக மின்தடை குறைவதால் அதே எண் அதிகக் கரண்ட்டைக் குறிக்கும். துல்லியம் முக்கியமில்லை, நாற்பது ஃப்யூஸில் எது தனியாகத் தெரிகிறது என்பதே வேண்டும். போனட் அடியில், டேஷ்போர்டு ஓரத்தில், சில கார்களில் டிக்கியில் என்று ஃப்யூஸ் பெட்டிகள் பல இடத்தில் இருக்கும், எதையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு ஃப்யூஸ் அகப்பட்டாலும் வேலை முடியவில்லை. ஒரே ஃப்யூஸிலிருந்து நாலைந்து பொருள்களுக்குக் கரண்ட் போகும். வயரிங் படத்தைப் பார்த்து அந்த வரிசையில் உள்ளவற்றின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண் எப்போது விழுகிறது என்று பார்க்க வேண்டும். கழற்றியதும் எண் விழுந்தால் அந்தப் பெட்டிதான் கெட்டது என்று உடனே சொல்லிவிட முடியாது. வேறு ஏதோ ஒன்று அதை விழித்திருக்கச் செய்திருக்கலாம். கதவுப் பூட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்ச் தேய்ந்து, கதவு திறந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தால், கதவுகளையும் விளக்குகளையும் கவனிக்கும் பாடி கம்ப்யூட்டர் தூங்கவே தூங்காது. கம்ப்யூட்டரை மாற்றினாலும் அதே கதைதான். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில், லிவர் பார்க்கிங்கில் இருப்பதைச் சொல்லும் மைக்ரோ ஸ்விட்ச் கெட்டால், வண்டி முழுசாக அணையவில்லை என்றே மற்றவை நினைத்துக்கொண்டிருக்கும்.

ஃப்யூஸ் வேட்டைக்கு முன்பே பார்த்துவிட வேண்டியவை சில உண்டு. முதல் சந்தேகம் எப்போதும் பிறகு மாட்டியவற்றின் மேல் இருக்கட்டும். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் டேஷ் கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர், அலாரம், டேஷ்போர்டு அடியில் உள்ள சோதனை சாக்கெட்டில் செருகிவைத்த ப்ளூடூத் கருவி. அந்த சாக்கெட்டில் பேட்டரி கரண்ட் எப்போதும் இருக்கும், சாவியோடு அதற்குச் சம்பந்தமில்லை. மியூசிக் சிஸ்டம் மாட்டும்போது மஞ்சள் வயர் நேரடி பேட்டரிக்கும் சிவப்பு வயர் சாவியால் வரும் கரண்ட்டுக்கும் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாக முறுக்கி நேரடி கரண்ட்டில் இணைத்துவிட்டால், திரை அணைந்திருந்தாலும் உள்ளே செட் விழித்தே இருக்கும், அதோடு சேர்ந்து ஆம்ப்ளிஃபயரும்.

டிக்கி விளக்கும் கையுறைப் பெட்டி விளக்கும் மூடிய பிறகு அணைகின்றனவா என்று வெளியிலிருந்து தெரியாது. போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடி, ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். இருட்டு பதிவாகியிருந்தால் விளக்கு அணைகிறது. பிரேக் பெடலின் மேலே ஸ்விட்ச்சைத் தள்ளும் சின்ன ரப்பர் புஷ் பொடிந்து விழுந்தால், பிரேக் லைட் பகலில் யார் கண்ணிலும் படாமல் எரிந்துகொண்டே இருக்கும். ரிலேக்களை (கரண்ட்டால் இயங்கும் சின்ன ஸ்விட்ச் பெட்டிகள்) புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் தூங்கிய காரில் எல்லா ரிலேயும் குளிர்ந்திருக்க வேண்டும், வெதுவெதுப்பாக ஒன்று இருந்தால் அதற்குக் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.

எந்த ஃப்யூஸும் தனியாகத் தெரியாமல் இருந்தும் தொடரில் வைத்த மீட்டரில் 0.3 நின்றால், சிறு ஃப்யூஸ்களைத் தாண்டி ஓடும் தடித்த கேபிள்களைப் பாருங்கள். அங்கே முதல் ஆள் ஆல்டர்னேட்டர். அதன் உள்ளே டையோடுகள் பேட்டரி கரண்ட் பின்னால் வராமல் தடுக்கும் ஒருவழிக் கதவுகள். அதில் ஒன்று கசிந்தால் நிற்கும் வண்டியில் கரண்ட் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே திரும்பி ஓடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் என்ஜின் குளிர்ந்திருக்க, ஆல்டர்னேட்டர் மட்டும் லேசாகச் சூடாக இருந்தால் கிட்டத்தட்ட உறுதி. நெகடிவைக் கழற்றி, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரை எடுத்து இன்சுலேஷன் டேப் சுற்றி ஒதுக்கி, மறுபடி அளந்து பாருங்கள். எண் விழுந்தால் ஆள் அகப்பட்டான். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏசி வோல்ட் வைத்துப் பார்த்து 0.5-க்கு மேல் காட்டினாலும் டையோடு கோளாறு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மிகவும் வாட்டுவது, சில இரவுகளில் மட்டும் வரும் கசிவு. நாம் அளக்கும்போது 0.03, வாரத்தில் ஒருநாள் பேட்டரி காலி. இதற்குக் கார் தூங்கிய பிறகு மீட்டரின் அதிகபட்சத்தைப் பதிவு செய்யும் வசதியைப் போட்டு இரவு முழுக்க விட வேண்டும். பல மீட்டர்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தானே அணைந்துவிடும், அந்த வசதியை முதலில் நிறுத்துங்கள். காலையில் அதிகபட்சம் 3 அல்லது 4 ஆம்பியர் என்று பதிவாகியிருந்தால் நடுராத்திரியில் ஏதோ விழித்திருக்கிறது. மழைக்குப் பிறகுதான் வருகிறதா, எந்தக் கதவைத் திறந்து மூடிய நாளில் வருகிறது என்று தேதி போட்டுக் குறித்து வையுங்கள். மழை நாளில் மட்டும் வந்தால் கண்ணாடி அடியிலோ கால் மிதியடிக்குக் கீழேயோ கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும், செம்பு பச்சை பூத்திருப்பதைப் பார்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டிகளிலும் 12 வோல்ட் பேட்டரி உண்டு, அதுவும் இதே மாதிரி இறங்கும். அதை அளக்கலாம், ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் கை போகக் கூடாது. சிக்னலில் தானே நின்று கிளம்பும் என்ஜின் உள்ள கார்களில் நெகடிவ் டெர்மினலில் ஒரு சென்சார் பெட்டி இருக்கும். சார்ஜர் போடும்போது கறுப்பு கிளிப்பைக் கம்பத்தில் மாட்டாமல் பாடி எர்த்தில் (காரின் உலோக உடலில்) மாட்டினால்தான் ஏறிய சார்ஜ் அந்தச் சென்சாரின் கணக்கில் சேரும்.

கோளாறைச் சரிசெய்த பிறகு பேட்டரியை சார்ஜரில் முழுசாக நிரப்பி, தூங்கிய காரில் மறுபடி ஒரு மணி நேரம் அளந்து அந்த எண்ணை எழுதி வையுங்கள். 0.38 இருந்தது 0.15-க்கு வந்திருந்தால் திருப்திப்பட்டு மூடிவிடாதீர்கள், இரண்டாவதாக இன்னொன்று கசிந்துகொண்டிருக்கிறது. முதல் கசிவு, பிறகு மாட்டிய பொருள்களின் அரைகுறை வயரிங்கால் வந்திருந்தால், அங்கிருந்தே தேடலைத் தொடருங்கள்.